கொள்ளுத் தாத்தா பேர் என்ன, சார்?

ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் தாத்தா பெயர்? டக்கென்று சொல்லிவிட்டீர்கள். கொள்ளுத் தாத்தா? கொஞ்சம் மோட்டுவளையைப் பார்க்கிறீர்கள். எள்ளுத் தாத்தா? அவுட்!

கொள்ளு, எள்ளு என்று நம்மவர்கள் சும்மாவா பேர் வைத்தார்கள்? தலைமுறைக்குத் தலைமுறை தாத்தா சைஸ் குறைந்துகொண்டே போகிறார். எள்ளுக்கு அப்புறம் கண்ணுக்கே தெரிவதில்லை!

ஸ்காட்லாந்துக்காரர்களில் பலர் இந்தப் பரீட்சையில் சுலபமாகப் பாஸ் பண்ணிவிடுவார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்காட்லாந்தைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புள்ளலூர் என்றொரு கிராமம். 1780 செப்டம்பர் 10-ம் தேதி அங்கே ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையைத் துவம்சம் செய்தார்கள். தோற்ற தளபதி கர்னல் வில்லியம் பெய்லி. ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் பக்கம் டனெய்ன் என்ற இடத்துக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு உதவ வேண்டிய பெரிய படை காஞ்சிபுரத்திலேயே இருந்தது. அதன் தலைவர் ஹெக்டர் மன்றோவும் ஸ்காட்லாந்துக்காரர்தான். மறுநாள் அவர் கனமான பீரங்கிகளை இங்குள்ள குளத்தில் தள்ளிவிட்டு, சென்னைப் பக்கம் நடையைக் கட்டிவிட்டார்!

சிறைப்பட்ட பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்துபோனார். 1816-ல் அவருடைய உறவுப் பிள்ளை ஜான் பெய்லி, லக்னோவில் ரெசிடென்டாக இருந்தவர், அங்கே ஒரு நினைவு மண்டபம் கட்டினார். இன்வர்னெஸ், காஞ்சிபுரம், ஸ்ரீரங்கப்பட்டணம், லக்னோ... ஒரே குடும்பத்தை ஊர் ஊராக, தேதி வாரியாகப் பின்தொடர முடிகிறது.

'கர்னல் சார், பெரிய இடம். எழுதி வைத்திருப்பார்கள்' என்பீர்கள். நம் ஊர் ராஜாக்களும் அதில் சளைத்தவர்கள் இல்லை. பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடு வம்சாவளியை பிரம்மாவிலிருந்தே ஆரம்பிக்கிறது! ஆனால், சாதாரண ஜனங்கள்?

இங்கேதான் ஸ்காட்லாந்து ஜெயிக்கிறது. அங்கே சர்ச்சுகளில் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்கள். இருப்பதில் பழையது 1553-ல் தொடங்குகிறது. 1855-லிருந்து அரசாங்கமே பிறப்பு, இறப்பு, கல்யாணத்தைப் பதிய ஆரம்பித்தது. பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் விடாமல் எழுதினார்கள். எனவே அம்மா வழியிலும் பின்னோக்கிப் போகலாம். பிழைக்க சென்னை மாகாணத்துக்கு வந்தவர்களையும் விடவில்லை. இங்குள்ள சர்ச் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.

பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்தால் பொறாமையாக இருக்காதா? போன தலைமுறையின் குளோஸிங் பாலன்ஸை அடுத்த தலைமுறை ஓப்பனிங் பாலன்ஸாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. நமக்கு லெட்ஜரே இல்லை!

இல்லை என்றும் சொல்ல முடியாது. நம்முடைய லெட்ஜர் பெயர்தான். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ஆச்சரியம் என்னவென்றால், ஸ்காட்லாந்திலும் இதே வழக்கம் இருந்தது. மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர். கிட்டத்தட்ட நம் வீட்டு ஃபார்முலா!

எங்கள் பக்கம் தறி ஓடும் தெருவில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க வீட்ல ரெண்டே பேருதான் தம்பி. எங்க தாத்தா பேரு எனக்கு. எங்கப்பா பேரு என் புள்ளைக்கு. மாத்தி மாத்தி வரும். எத்தினி தலமுறைன்னு யாரு எண்ணுனா?" என்றார்.

"பேரனுக்கு உங்கள் பெயரா?"

பெரியவர் சிரித்தார். "நியூமராலஜி பாத்து வச்சிட்டாங்க. 'ஷ்'னு முடியும். எனக்கு வாய்ல நுழையல. நான் 'டேய்'னுதான் கூப்புடுறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயும் அந்த வழக்கம் இப்போது அவ்வளவாக இல்லைதான். ஆனால், அவர்களுக்கு நோட்டு இருக்கிறது. நமக்குப் பெயர் ஒன்றுதான் பதிவேடு. அதையும் விட்டுவிட்டால் பெரியவர் மாதிரி ஆட்களின் ஞாபகம்தான் மிச்சம். அவர்கள் போனால் அதுவும் போச்சு.

ஒன்றும் கஷ்டமில்லை. திவசத்தன்று சொல்லும் மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பரணில் இருக்கும் பழைய வீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று ஒரு தாத்தா அதில் ஒளிந்திருப்பார். ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் விடாதீர்கள். பாட்டிகளின் பெயரும் பிறந்த ஊரும் ரொம்ப முக்கியம். அவற்றைத்தான் நாம் முதலில் மறக்கிறோம்.

இன்றைக்கே வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. சொத்துக்காகக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தாத்தாவுக்குத் திடீரென்று காது கேட்காது!