மாத்திரை கொடுக்கும் கைக்கு வயதாகிறது

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பிள்ளை கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான், அல்லது முதல் வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். அப்போது தாய்க்கு 45 வயது இருக்கலாம். பலருக்கு இந்த நோய் முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடவே இருக்கிறது. பிள்ளைக்கு 50 ஆகும்போது தாய்க்கு 75 தாண்டியிருக்கும். எந்த வீட்டிலும் போடக்கூடிய கணக்குதான். பெரும்பாலான வீடுகளில் யாரும் வாய்விட்டுப் போடுவதில்லை.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருக்கிறார்கள். நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. சிகிச்சை கிடைப்பவர்களும் மருத்துவமனையில் வாழவில்லை, வீட்டில்தான் வாழ்கிறார்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய பழைய நிறுவனம். ஆனால் இந்த மாநிலத்தின் மனநலச் சேவையில் பெரும்பகுதியை இன்றைக்குத் தாங்குவது அதைப் போன்ற கட்டடங்கள் அல்ல. வீட்டுக்கு ஒருவர் தாங்குகிறார். அநேகமாகத் தாய், இல்லையென்றால் மனைவி. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, மாற்று ஆளும் கிடையாது.

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். மஞ்சள் பையில் பழைய சீட்டுகளையும் மடித்துக் கசங்கிய நோட்டையும் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நாற்பது வயது மகன். முறை வந்ததும் மருத்துவர் கேட்பார்: தூங்குறாரா? சாப்பிடுறாரா? மாத்திரை ஒழுங்கா போடுறாரா? எல்லாவற்றுக்கும் அம்மாதான் பதில் சொல்வார். சில நிமிடங்களில் ஒரு மாத மாத்திரைக்குச் சீட்டு வந்துவிடும். அம்மாவின் கால் வீங்கியிருப்பதை யாரும் கேட்பதில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கும். அந்தப் பிரிவுக்கு வேறு நாள், வேறு வரிசை. அன்றைக்கு மகனை வீட்டில் யாரிடம் விட்டுவிட்டு வருவது? அதனால் அவருடைய மாத்திரை நின்று மூன்று மாதம் ஆகியிருக்கும். மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வெளியே இன்னும் எண்பது பேர் நிற்கிறார்கள். ஆனால் அந்த அறையில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள், ஒருவருக்குத்தான் சீட்டு எழுதப்பட்டது.

குடும்பத்தின் சுமை இன்னதென்று தெரியாமல் இல்லை. 1981இலேயே பெங்களூரில் பாய், கபூர் என்ற இரு ஆய்வாளர்கள் அதை அளக்கும் வினாப்பட்டியலை உருவாக்கினார்கள்: வருமானம், அன்றாட வேலை, ஓய்வு, வீட்டாருக்குள் உறவு, உடல்நலம், மனநலம். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனமும் 1998இல் தன் அளவுகோலை வெளியிட்டது. அளவுகோல் வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும், புறநோயாளிகள் சீட்டில் பராமரிப்பவரின் உடல்நிலையை எழுத ஒரு கட்டம் வரவில்லை.

அந்தத் தாய் செய்வது வெறும் காவல் இல்லை, நுட்பமான மருத்துவப் பணி. க்ளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுக்கும் நோயாளிக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். அவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது, வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். லித்தியம் எடுப்பவருக்கு வெயில் காலத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் மருந்தே நஞ்சாகலாம். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஓலான்சபின் போடுபவருக்கு எடை ஏறும், சர்க்கரை வரும். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் உடல் நோய்களால்தான் அப்படி நேர்கிறது. இவற்றையெல்லாம் கவனிக்கும் கண்கள் வீட்டில் ஒரே ஒருவருடையவை. எந்த மாத்திரையை விழுங்குவதுபோல் நடித்துத் துப்புவான், எத்தனை நாள் தூக்கம் கெட்டால் பழையபடி ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவர் மனதில் மட்டுமே இருக்கிறது, ஒரு தாளிலும் இல்லை.

மாத்திரையைத் தூளாக்கிக் காபியிலோ ரசத்திலோ கலந்து கொடுக்கும் வீடுகள் நிறைய. வேறு வழி தெரியாத தாய்தான் அதைச் செய்கிறார், அவரைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கழுத்து இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும். கலந்து கொடுத்தால், தான் மருந்து எடுத்திருப்பதே நோயாளிக்குத் தெரியாது, பார்க்கும் மருத்துவரிடமும் சொல்ல மாட்டார். என்றைக்கோ ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அம்மா கையால் சாப்பிடுவதே நின்றுவிடும். மருந்தை மறுப்பவர்களுக்கு இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கலந்து கொடுப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சோர்வு நோயையே திரும்பக் கொண்டுவரும் என்பது இன்னொரு உண்மை. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் பின்னர் வான், லெஃப் ஆகியோரும் செய்த ஆய்வுகளில், ஓயாத குறைகூறலும் கசப்பும் அளவுமீறிய பொத்திப் பாதுகாப்பும் உள்ள வீடுகளுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மறுபடி வருவது பல மடங்கு அதிகமாக இருந்தது. இதைக் குடும்பத்தின் மேல் சுமத்தும் பழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது வருடம் சரியாகத் தூங்காத ஒரு பெண்ணின் வாயிலிருந்து கடுஞ்சொல் வரத்தான் செய்யும். குடும்பத்தாருக்கு நோயை விளக்கி, பேசும் முறையைச் சொல்லிக்கொடுத்து, அவர்களையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டால் நோய் திரும்புவது குறைகிறது என்பதும் அதே ஆய்வுத் துறை காட்டியதுதான். அந்தப் பகுதி இங்கே ஒருசில நிறுவனங்களைத் தாண்டி வரவில்லை.

அடி வாங்கும் தாய்மார்களும் உண்டு. மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்கும் சிலரிடம் அடிபடுவது தெருவில் போகிறவர் அல்ல, வீட்டில் இருப்பவர். கன்னத்து வீக்கத்துக்குக் குளியலறையில் வழுக்கிவிட்டதாகக் காரணம் சொல்லி மறைப்பார்கள்.

சரி, மாத்திரை கொடுக்கும் இந்தக் கைக்கு முடியாமல் போனால்? நம் குடும்பங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் முதல் வழி கல்யாணம். ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் நடப்பது, தாயின் வேலை எதுவும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் ஏறுவதுதான். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி இப்படிப்பட்ட திருமணத்தை நீதிமன்றம் ரத்து செய்யவும் இடமுண்டு. நோயாளி பெண்ணாக இருந்தால் கதை இன்னும் கொடுமை. கணவன் வீடு திருப்பி அனுப்பிவிடும். சில சமயம் கைக்குழந்தையோடு, ஜீவனாம்சம் இல்லாமல், மறுபடி அதே வயதான பெற்றோரிடம் வந்து சேர்வாள்.

இரண்டாவது வழி கூடப்பிறந்தவர்கள். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று அம்மா நம்புவார். அண்ணனிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

மூன்றாவது, கொண்டுபோய் விடுவது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். சங்கிலி குற்றம், காப்பகம் நடத்தியவர்களின் குற்றம். ஆனால் அந்த 500 பேரும் வானத்திலிருந்து ஏர்வாடிக்கு வந்துவிடவில்லை. பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன வீடுகளிலிருந்து வந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்துவிட்டது. களைப்புக்கு ஓர் ஏற்பாடும் வரவில்லை. கேரளத்தில் ஆஸ்வாஸகிரணம் என்ற திட்டம் பராமரிப்பவர் பெயரிலேயே மாதம் 600 ரூபாய் ஒதுக்குகிறது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பவரின் சொந்தத் தேவைகளைத் தனியாக மதிப்பிடச் சொல்கிறது. 600 ரூபாய் எதற்கும் போதாது. என்றாலும் அந்தப் பெண் இருக்கிறார் என்று ஒரு அரசுப் பதிவேடாவது ஒத்துக்கொள்கிறது.

தாய் இறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். சாவு வீட்டில் மூன்று நாள் மகனின் மாத்திரையை யாரும் நினைக்க மாட்டார்கள். க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மீண்டும் தொடங்கக் கூடாது, மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும். காரியம் முடிந்து யாரோ அட்டையைப் பார்த்து முழு மாத்திரையைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடலாம். கொடுக்காமலே விட்டால் நோய் சீறிக்கொண்டு திரும்பும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றுக்குக் காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. மனநோய் அதில் இல்லை. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்க வழி இருந்தது. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அது போய்விட்டது, மாற்றாக அதில் எதுவும் சேர்க்கப்படவில்லை. நோய் இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கத் தகுதியற்றவர் ஆவதில்லை என்ற புதிய சட்டத்தின் கொள்கை சரியானது, அதை ஆதரிக்கிறேன். ஆனால் உண்மையிலேயே முடியாதவருக்கு என்ன வழி என்று தேடும் குடும்பம் உயர் நீதிமன்றம் வரை அலைய நேர்கிறது. உயில் எழுதிவிட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொத்தை மட்டும் எழுதிவைக்கும் உயில், அதைத் தொடர்ந்து நிர்வகிக்க ஆளைக் கொடுக்காது. அதற்கு 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளையை, நம்பகமான இருவர் மூவரைப் பொறுப்பாளர்களாக்கி, உயிரோடு இருக்கும்போதே வக்கீல் மூலம் எழுதிவைக்கலாம்.

கைக்கு எட்டும் தூரத்திலும் சில வேலைகள் இருக்கின்றன. நோயாளி தனக்கான நியமனப் பிரதிநிதியைத் தானே எழுதிக் கொடுக்கலாம். வெள்ளைத் தாளும் கையெழுத்தோ கைநாட்டோ போதும் என்கிறது 2017 சட்டத்தின் 14ஆவது பிரிவு. பெயர் குறிக்கப்பட்டவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவருக்குச் சிகிச்சை விவரம் கேட்கும் உரிமை உண்டு. தம்பியோ அத்தை மகளோ, வயதில் இளையவராகப் பார்த்து எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் ஊனமாகச் சேர்ந்திருக்கிறது, அதற்கான சான்றிதழை இப்போதே வாங்குங்கள். பெற்றோர் மத்திய அரசு ஓய்வூதியர் என்றால், சம்பாதிக்க முடியாத மனநோயாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. சான்றிதழோடு பிள்ளையின் பெயரைப் பெற்றோரே உயிரோடு இருக்கையில் பதிந்துவிட வேண்டும், இறந்தபின் அலைந்து வாங்குவது மிகக் கடினம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றும் புரியாமல் நிற்கும்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். பராமரிப்பவர் தனக்காகவும் கூப்பிடலாம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு நோயுள்ள அண்ணனோ தங்கையோ ஊரில் அம்மாவோடு இருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம். அடுத்த முறை மாத்திரை வாங்கும் தேதிக்கு அம்மாவோடு நீங்களும் மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தின் பெயர், அளவு, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அன்றைக்கே அம்மாவின் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.