அரை அளவில் மூன்று மருந்து

"கால் வீங்குது மகன், அதான் பாதியா முறிச்சுப் போடுறன்." கல்முனைக்குடியில் என் பாமசிக்கு வரும் வயதான உம்மாமார் பிரஷர் குளிசையைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அந்தக் குளிசையான அம்லோடிபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும். அளவு கூடினால் கணுக்காலில் நீர் கோர்க்கும். ஐந்து மில்லிகிராமைவிடப் பத்தில் வீக்கம் அதிகம். ஆனால் முறித்த பாதிக்கு ஈடாக வேறு மருந்து சேராவிட்டால் பிரஷர் திரும்ப ஏறிவிடும்.

அந்த ஈட்டை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் அசித டி சில்வாவும் சிட்னியின் ஜோர்ஜ் நிறுவனத்தாரும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ஆய்வு அது. இலங்கை வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளர்களைச் சேர்த்தார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு ஒரே குளிசையில் மூன்று மருந்து, மூன்றும் வழமையின் அரை அளவில்: டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம். ஆறு மாதத்தில் பிரஷர் இலக்கை எட்டியோர், மூன்று மருந்துக் குளிசையில் 70 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 55. பக்கவிளைவால் நிறுத்தியோர் இரு சாராரிலும் ஏறக்குறையச் சமம்.

அழுத்தத்தை இறக்கும் வேலையில் பெரும்பங்கை அரை அளவே செய்துவிடுகிறது. அதற்கு மேல் போகப் போகத் தொந்தரவுதான் கூடுகிறது. மூன்றும் ஒன்றின் கெடுதியை மற்றொன்று தணிக்கவும் செய்யும். குளோர்தலிடோன் சிறுநீரோடு பொட்டாசியத்தை வெளியேற்றும். டெல்மிசார்டன் அதைப் பிடித்து வைக்கும், கால் வீக்கத்தையும் குறைக்கும்.

அந்த ஆய்வில் எனக்கு அதிகம் உறைத்தது இன்னொரு விபரம். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் ஆறு மாதத்தின் பின்னும் மூன்றிலொரு பங்கினருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கிடைத்திருந்தது. சனம் நிறைந்த கிளினிக்கில் கொப்பியில் பழைய மருந்தே திரும்ப எழுதப்படுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

இந்தச் சேர்க்கை எல்லாருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டன் கூடவே கூடாது. நோன்பு காலத்தில் தண்ணீரில்லாத பகலில் குளோர்தலிடோன் தலைசுற்றைக் கொண்டுவரலாம். நேரத்தையும் அளவையும் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிசையை முறித்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டால், மருந்து போதவில்லை என்று நினைத்து அதே அம்லோடிபினைப் பத்தாக்கி எழுதிவிடுவார்.