முடக்கு வாதத்தில் குருதிக் குழாய்களின் செயற்பாடு

முடக்கு வாதத்தில் குருதிக் குழாய்களின் செயற்பாடு என்பது, முடக்கு வாத நோய் உடையோரின் தமனிகள் தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் திறனையும், அத்திறன் குறைவதால் உண்டாகும் விளைவுகளையும் குறிக்கும். மக்கள் வழக்கில் சரவாங்கி எனப்படும் முடக்கு வாதம், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளையே தாக்கும் ஒரு தன்னெதிர்ப்பு நோயாகும். இது மூட்டு நோயாக அறியப்பட்டாலும், இந்நோயாளிகளின் இறப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக இருப்பது இதய, குருதிக் குழாய் நோயாகும். 2008 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முடக்கு வாதம் உடையோர் இதய, குருதிக் குழாய் நோய்களால் இறக்கும் இடர் பொது மக்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதி எனக் கண்டது.

நலமான குருதிக் குழாய்

ஒவ்வொரு குருதிக் குழாயின் உட்சுவரிலும் ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான மெல்லிய படலம் உண்டு. இது அகவணி எனப்படும். இது வெறும் உறை மட்டுமன்று. குருதியோட்டம் விரைவுபடும்போது அதை உணர்ந்து, ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளிமத்தை இப்படலம் உருவாக்குகிறது. அவ்வளிமம் அருகிலுள்ள மென்தசையைத் தளர்த்த, குழாய் விரிகிறது. குருதித் தட்டுகளும் வெள்ளை அணுக்களும் சுவரில் ஒட்டாமலும் அது காக்கிறது.

1980 இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை ஆய்ந்தபோது, அகவணி சிதையாமல் இருந்தால் மட்டுமே அசிட்டைல்கோலின் தமனியைத் தளர்த்துகிறது என்று காட்டினார். அத்தளர்வுக்குக் காரணமான பொருள் நைட்ரிக் ஆக்சைடே எனப் பின்னர் உறுதியானது. இத்துறை ஆய்வுக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முடக்கு வாதத்தில் நிகழும் மாற்றங்கள்

அழற்சியுற்ற மூட்டுறைப் படலம், கட்டி நசிவுக் காரணி, இன்டர்லூக்கின்-6 முதலிய புரதங்களைச் சுரக்கிறது. இவை மூட்டிலேயே தங்கிவிடுவதில்லை. குருதியில் கலந்து உடல் முழுவதும் செல்கின்றன. அவற்றால் அகவணியில் பின்வரும் மாற்றங்கள் உண்டாகின்றன:

- நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியின் செயல் குறைகிறது.
- வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகள் பெருகி, உருவான நைட்ரிக் ஆக்சைடையும் அழிக்கின்றன.
- அகவணியின் மேற்பரப்பில் ஒட்டு மூலக்கூறுகள் தோன்றுகின்றன. வெள்ளை அணுக்கள் அவற்றைப் பற்றிச் சுவருக்குள் நுழைகின்றன.
- நாளடைவில் சுவரில் கொழுப்புப் படிவு உண்டாகி, தமனி தடித்து விறைப்படைகிறது.

இப்படிவு வெடித்தால் அங்கு குருதி உறைந்து, மாரடைப்போ பக்கவாதமோ ஏற்படலாம்.

மூட்டுக்குள் நிகழ்வதோ இதற்கு மாறானது. அங்கு புதிய நுண்குழாய்கள் அளவுக்கு மீறி முளைத்து, வீங்கிய மூட்டுறைப் படலத்துக்கு ஊட்டமளிக்கின்றன. நீண்டகால நோயாளிகளுள் சிலருக்குக் குருதிக் குழாய்ச் சுவரே நேரடியாக அழற்சியுறுவதும் உண்டு. தோல் புண், நரம்புச் செயலிழப்பு ஆகியவற்றை உண்டாக்கும் இந்நிலை வேறானது, அரிதானது.

அளவிடும் முறை

1992 இல் அறிமுகமான ஒரு முறை ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுகிறது. கையில் குருதியழுத்தப் பட்டையைக் கட்டி, 5 நிமிடங்களுக்குக் குருதியோட்டம் நிறுத்தப்படுகிறது. பட்டையைத் தளர்த்தியதும் குருதி விரைந்து பாய்கிறது. அப்போது மேற்கைத் தமனியின் விட்டம் எத்தனை விழுக்காடு கூடுகிறது என மீயொலிக் கருவியால் அளக்கப்படுகிறது. அகவணி நலிந்திருந்தால் விரிவு குறைவாக இருக்கும். இம்முறைக்குத் தேர்ந்த கையாளுநர் தேவை என்பதாலும், அளவுகள் எளிதில் மாறுபடும் என்பதாலும், இது அன்றாட மருத்துவத்தில் இடம்பெறவில்லை.

கொழுப்பு அளவின் முரண்

அழற்சி தீவிரமாக உள்ளபோது குருதியில் கொலஸ்டிரால் அளவு குறைகிறது. எனவே, முடக்கு வாதம் உடையவரின் பரிசோதனை முடிவு நலமானதாகத் தோன்றினாலும், அவரது இடர் மிகுதியாக இருக்கலாம். வழக்கமான இடர்க் கணிப்பு முறைகள் இதனைக் குறைத்து மதிப்பிடுகின்றன. இதனால், முடக்கு வாதத்தைக் கணக்கில் கொள்ளாத கணிப்பு முறைகளின் விடையை 1.5 ஆல் பெருக்கிக் கொள்ளுமாறு, 2017 இல் வெளியான ஐரோப்பிய வாதநோய் அமைப்பின் பரிந்துரை கூறியது.

மருந்துகளின் விளைவு

அழற்சியைத் தணிப்பது மூட்டுடன் குருதிக் குழாயையும் காக்கக்கூடும். கட்டி நசிவுக் காரணியைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்தை 11 நோயாளிகளுக்கு 12 வாரங்கள் அளித்தபோது தமனியின் விரிவு மேம்பட்டதாக, 2002 இல் வெளியான சிறு ஆய்வொன்று தெரிவித்தது. மெத்தோட்ரெக்சேட்டு உட்கொள்ளும் முடக்கு வாத நோயாளிகளிடம் இதய நோய் குறைவாக இருப்பதை நோக்கீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், முடக்கு வாதம் அல்லாத இதய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான பெரிய சோதனையில் இம்மருந்து பயன் தரவில்லை.

எல்லா மருந்துகளும் ஒன்றல்ல. ஸ்டீராய்டு மருந்துகள் வலியை விரைவில் தணித்தாலும், நெடுநாள் உட்கொண்டால் குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்துகின்றன. இடர்க் காரணி உடைய முதியோரிடம் டோஃபாசிட்டினிப் மருந்து இதய இடரைக் கூட்டக்கூடும் என 2022 இல் வெளியான சோதனை முடிவு காட்டியது.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் வயது வந்தோரிடையே முடக்கு வாதம் 0.75 விழுக்காடு என, அரியானாவின் பல்லப்கர் பகுதியில் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. செங்கோட்டை, கடையநல்லூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றுதல் பெண்களின் முக்கியமான வீட்டுத் தொழிலாகும். விரல்களை ஓயாமல் இயக்கும் இத்தகைய தொழிலில், விரல் மூட்டு வலியை வேலைக் களைப்பென்று எண்ணிவிடுவது எளிது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, இரு கைகளிலும் வீக்கம் ஆகியவை இந்நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் குருதிக் குழாய்கள் அழற்சிக்கு ஆட்படும் காலமும் நீள்கிறது.

சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் பெயரிலான நூல் வாத நோய்களை 80 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் உதிரவாத சுரோணிதம் என்பதைச் சித்த மருத்துவ ஆய்வாளர்கள் முடக்கு வாதத்துடன் ஒப்பிடுகின்றனர். உதிரம் என்பது குருதியைக் குறித்தாலும், இப்பெயரை மட்டும் கொண்டு அகவணிப் பாதிப்பு அன்றே அறியப்பட்டிருந்தது எனக் கொள்ள இயலாது. உட்பொருள் அறியாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் வாய்ப்புள்ளதால் அவற்றைத் தவிர்ப்பது நன்று.

குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே கண்டறிய உதவும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தமிழ்நாட்டில் 2021 ஆகத்து மாதத்தில் தொடங்கப்பட்டது. முடக்கு வாதம் உடையோருக்கு இவ்விரண்டு அளவுகளும் மூட்டு வலியைப் போன்றே முதன்மையானவை. புகைத்தலை விடுதல், இயன்ற உடற்பயிற்சி, மருந்தை இடைநிறுத்தாமை ஆகியவை குருதிக் குழாய்களைக் காக்க உதவும். இந்நோயாளிக்கு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால், அதை வாத வலி எனக் கருதிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.