முதல் இடம் சான்றிதழ் ஆகுமா?

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, வருகிற பட்டியலில் முதலில் நிற்பதை நம்பி கிளிக் செய்வது நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. மருந்தின் பக்கவிளைவு, வீட்டுக் கடனின் வட்டி, கல்லூரியின் தரம் என்று எதைத் தேடினாலும், மேலே இருப்பதே மேலானது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த மேலிடத்தைப் பிடித்துக் கொடுப்பதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. தேடுபொறி உகப்பாக்கம் என்று அதற்குப் பெயர், புழக்கத்தில் எஸ்.இ.ஓ. கீவேர்டு, பேக்லிங்க், நோஃபாலோ, சி.டி.ஆர்., பவுன்ஸ் ரேட் என்று அதற்குத் தனி அகராதியே உண்டு. சிறிய கடைக்கு இணையதளம் வைத்திருப்பவரிடம் இந்தச் சொற்களை அடுக்கிப் பணம் கேட்பவர்கள் பலர். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அவற்றில் பாதி புரிவதில்லை. விற்பனைப் பிரிவினரின் குழூஉக்குறி என்று நாம் இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு சொல்லையும் அது பிறந்த ஆண்டோடும் காரணத்தோடும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவது தெரியும். நம்பகத்தன்மையை அளக்க ஓர் அளவுகோல் வருகிறது. அதில் அதிக மதிப்பெண் வாங்கினால் லாபம் என்று ஆனதும் அளவுகோலையே வளைக்க ஆட்கள் வருகிறார்கள். வளைந்ததை நிமிர்த்த இன்னொரு சொல் பிறக்கிறது.

நாம் தேடும் நொடியில் தேடுபொறி இணையம் முழுக்க ஓடிப்போய்த் தேடுவதில்லை. கிராலர் என்ற நிரல், ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய், இரவு பகலாக எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்து வைக்கிறது. படித்ததைக் கொண்டு தயாராவதுதான் இண்டெக்ஸ். தமிழாய்வில் பழகியவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தவர்கள் செய்ததும் இதைத்தான்: சொல்லை முன்னால் வைத்து, அது எந்த நூலில் எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்று எதிரே குறித்தார்கள். தேடுபொறி இணையத்துக்கே அப்படியொரு சொல்லடைவு போட்டு வைத்திருக்கிறது. ஆனால் சொல்லடைவு இடத்தைக் காட்டும், தரத்தைக் காட்டாது. ஒரு சொல் பத்து லட்சம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற தொடக்ககாலத் தேடுபொறிகள் விடையைப் பெரும்பாலும் பக்கத்துக்குள்ளேயே தேடின. தேடிய சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தன. அந்தச் சொல்தான் கீவேர்டு. பக்கத்தின் பொருள் என்ன என்பதைத் தளத்துக்காரரே எழுதித் தர 'மெட்டா கீவேர்டு' என்று ஒரு வரியும் இருந்தது. படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, இயந்திரம் மட்டும் படிக்கும். தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லிக்கொள்ளலாம் என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரே சொல்லை நூறு முறை திணித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டி, மனிதர் பார்க்காமல் இயந்திரம் மட்டும் படிக்கும்படி செய்தார்கள். இதற்குக் கீவேர்டு ஸ்டஃபிங் என்று பெயர் வந்தது. மெட்டா கீவேர்டு வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-ல் வெளிப்படையாக அறிவித்தது. அளவுகோல் ஒன்று செத்துப்போனதற்கான இறப்புச் சான்று அது.

சொந்தச் சாட்சி செல்லாது என்றால் அடுத்தவர் சாட்சியைக் கேட்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையின் உயிர்நாடி இதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அதன் செல்வாக்கை அளக்கும் வழக்கம் அறிவியல் உலகில் ஏற்கெனவே இருந்தது. யூஜின் கார்ஃபீல்டு அதற்கான மேற்கோள் அட்டவணையை 1960-களிலேயே உருவாக்கியிருந்தார். பேஜும் பிரின்னும் அந்த எண்ணத்தை இணையத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஒரு பரிந்துரையாகக் கொண்டார்கள். அப்படி வெளியிலிருந்து வந்து சேரும் இணைப்பே பேக்லிங்க். பரிந்துரைப்பவர் யார் என்பதையும் கணக்கில் சேர்த்ததில்தான் அவர்களுடைய கூர்மை இருந்தது.

மூன்றே பக்கங்களை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 'அ' என்ற பக்கம் 'ஆ', 'இ' இரண்டுக்கும் இணைப்பு தருகிறது. 'ஆ' பக்கம் 'இ'-க்குத் தருகிறது. 'இ' பக்கம் 'அ'-வுக்குத் தருகிறது. நூறு பேரை இந்தப் பக்கங்களில் விட்டு, ஒவ்வொருவரும் கண்ணில் பட்ட இணைப்பைப் பிடித்துப் போய்க்கொண்டே இருக்கட்டும். பலமுறை நகர்ந்த பிறகு 'அ'-வில் 40 பேரும் 'ஆ'-வில் 20 பேரும் 'இ'-யில் 40 பேருமாக நிலைபெற்றுவிடும். சரிபார்ப்பதும் எளிது: 'அ'-விலுள்ள 40 பேரில் 20 பேர் 'ஆ'-வுக்கும் 20 பேர் 'இ'-க்கும் போவார்கள், 'ஆ'-வின் 20 பேரும் 'இ'-க்குப் போவார்கள், 'இ'-யின் 40 பேரும் 'அ'-வுக்கு வருவார்கள். எண்ணிக்கை மாறவில்லை. 'இ'-க்கு இரண்டு பேக்லிங்க், 'அ'-வுக்கு ஒன்றுதான். ஆனாலும் இரண்டும் சமம். 'அ'-வுக்குக் கிடைத்த ஒரே இணைப்பு செல்வாக்குள்ள 'இ'-யிடமிருந்து, பங்கு போடாமல் முழுதாக வந்தது. இணைப்பின் எண்ணிக்கையைவிட அது எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம் என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது.

உண்மையான முறையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. உலாவுபவர் எப்போதும் இணைப்பையே பின்தொடர்வதில்லை. சலித்துப்போய் சம்பந்தமில்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடுவார் என்றும் கொண்டார்கள். 1998-ன் கட்டுரையில் பின்தொடரும் வாய்ப்பு 85 சதவீதம், தாவும் வாய்ப்பு 15 சதவீதம் என்ற அளவு வருகிறது. முட்டுச்சந்துகளில் கணக்கு சிக்கிக்கொள்ளாமல் இருக்க இந்தத் தாவல் தேவை. ஆனால் இதன் விளைவாக, யாருமே இணைப்பு தராத வெறும் பக்கத்துக்கும் ஒரு துளி மதிப்பு கிடைத்துவிடுகிறது. துளியைச் சேர்த்தால் குடம் நிறையும் என்று கண்டுகொண்டவர்கள், ஆயிரக்கணக்கில் வெற்றுப் பக்கங்களை உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரே தளத்தை நோக்கித் திருப்பினார்கள். இப்படிப்பட்ட பக்கக் கூட்டத்துக்கு லிங்க் ஃபார்ம் என்று பெயர். கணித நேர்த்திக்காக வைத்த கதவே களவுக்கும் வழியானது.

அடுத்து, செல்வாக்குள்ள பக்கங்களில் இணைப்பை விலைக்கு வாங்கும் சந்தை உருவானது. பிறர் பக்கங்களின் கருத்துப் பெட்டிகளில் தங்கள் முகவரியை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் பெருகினார்கள். 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' குறியை ஏற்றன: இந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ளாதே என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறி அது. அப்படியும் தீரவில்லை. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி அங்காடி, ஆடை, படுக்கை விரிப்பு போன்ற மிகப் பொதுவான தேடல்களில் மாதக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கான இணைப்புகள் பதிக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. தங்கள் ஒப்புதலின்றி நடந்தது என்றது அந்த நிறுவனம். கூகுள் அதைப் பட்டியலில் கீழே தள்ளியது. அதே மாதம், தேடலுக்காகவே அவசரமாக எழுதிக் குவித்த பக்கங்களை இறக்க பாண்டா என்ற மாற்றம் வந்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் அதனால் மாறியதாகக் கூகுள் கூறியது. வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் பெங்குவின் வந்தது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன கருத்து, பின்னாளில் பிறர் சுருக்கிச் சொன்ன வடிவில், இங்கே அப்படியே பொருந்துகிறது: ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும்.

விளம்பரப் பக்கத்துச் சொற்களும் இதே தடத்தில்தான் போகின்றன. 1998-ல் கோடூ என்ற தேடுபொறி, ஒரு கிளிக்குக்கு யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு மேலிடம் என்று ஏலம் விட்டது. சி.பி.சி. என்பது அந்த ஒரு கிளிக்கின் விலை. கூகுள் 2002-ல் இதை எடுத்துக்கொண்டபோது சி.டி.ஆர். என்பதையும் சேர்த்தது: விளம்பரத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற விகிதம். ஒருவர் கிளிக்குக்கு 10 ரூபாய் தருகிறார். நூறு பேர் பார்த்தால் ஒருவர் அழுத்துகிறார். இன்னொருவர் 4 ரூபாய்தான் தருகிறார். நூறு பேரில் ஐந்து பேர் அழுத்துகிறார்கள். முதலாமவரால் 10 ரூபாய், இரண்டாமவரால் 20 ரூபாய். எனவே இரண்டாமவர் மேலே போவார். பணத்தோடு பயனரின் விருப்பத்தையும் பெருக்கிப் பார்த்தது நல்ல முன்னேற்றம். ஆனால் அழுத்தவைப்பதே லாபம் என்று ஆனபின், உள்ளே சரக்கில்லாத பக்கங்களுக்கும் ஆவலைத் தூண்டும் தலைப்புகள் பெருகின. ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியேறுபவர்களின் விகிதமாக நெடுங்காலம் கணக்கிடப்பட்ட பவுன்ஸ் ரேட்டும் இப்படித்தான். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு உடனே போனவர் முழு நிறைவோடு போயிருக்கிறார். அந்தக் கணக்கோ அவரைத் தோல்வியாகப் பதிந்தது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998-ன் கட்டுரையில் பேஜும் பிரின்னுமே எச்சரித்திருந்தார்கள்.

அப்படியானால் எஸ்.இ.ஓ. என்பதே ஏமாற்று வேலையா என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. பொருளுக்கேற்ற தலைப்பு வைப்பது, பக்கம் விரைவாகத் திறக்கும்படி செய்வது, பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்காகப் படத்துக்கு விளக்கம் எழுதுவது, தளத்துக்கு உள்ளடக்க வரைபடம் தருவது எல்லாமே எஸ்.இ.ஓ.-வில் அடக்கம். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தபோது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதையும் அவற்றில் ஒன்றாக வைத்தார். நேர்மையான எஸ்.இ.ஓ. அந்த மரபில் வருவது. புத்தகத்தைச் சரியான அலமாரியில் வைக்கும் வேலை அது. பழைய அமெரிக்க கௌபாய் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பியும் கெட்டவன் கறுப்புத் தொப்பியும் போட்டிருப்பான் என்பதை வைத்து, இந்தத் தொழிலிலும் ஒயிட் ஹேட், பிளாக் ஹேட் என்று பிரிக்கிறார்கள். படிப்பவருக்கும் பயன்படுமா, இயந்திரத்தை மட்டும் ஏய்க்கிறதா என்று கேட்டாலே எது எந்தத் தொப்பி என்று தெரிந்துவிடும்.

தரவரிசைச் சூத்திரத்தை முழுதாக வெளியிட்டுவிட்டால் சந்தேகமே இருக்காதே என்பது இன்னொரு வாதம். வெளியிட்ட பேஜ்ரேங்க் பட்ட பாட்டைப் பார்த்தோம். திறந்து வைத்தால் வளைப்பவர்களுக்கு வேலை எளிதாகும். அதே சமயம் ரகசியம் ஒரே கையில் குவிவதும் ஆபத்துதான். தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். சூத்திரத்தை வெளியிடுவதைவிட, ஒன்றுக்கொன்று போட்டியிடும் பல தேடுபொறிகள் இருப்பதே நல்ல மருந்து. ஒன்றை ஏய்க்கும் தந்திரம் மற்றதில் பலிக்காது.

செயற்கை நுண்ணறிவே விடை சொல்லும் காலத்தில் இந்தச் சொற்களெல்லாம் காலாவதியாகிவிடாதா என்பார்கள். இயந்திரங்கள் மொழியைப் புரிந்துகொள்வதில் வளர்ந்திருப்பது உண்மைதான். 2019-ல் கூகுள் தேடலில் சேர்த்த பெர்ட் முறை, சொற்களைத் தனித்தனியாக எண்ணாமல் வாக்கியத்தில் அவற்றின் உறவைப் பார்க்கிறது; அவ்வாண்டின் இறுதியிலேயே 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. தமிழில் இதன் தேவை எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 'சென்னையிலிருந்து மதுரைக்கு', 'மதுரையிலிருந்து சென்னைக்கு' இரண்டிலும் ஊர்கள் அவையே. உருபு இடம் மாறினால் பயணமே திரும்பிவிடுகிறது. எனவே தமிழில் எழுதுபவர்கள் கீவேர்டுக்காக வேற்றுமையை உதிர்த்து மொட்டைச் சொற்களாக அடுக்கத் தேவையில்லை. இயல்பான தமிழே போதும். ஆனால் நுண்ணறிவு விடையும் யாரோ எழுதிய பக்கங்களிலிருந்துதான் வருகிறது. அந்த விடைக்குள் தங்கள் பெயர் வரவேண்டும் என்று முயல்பவர்கள் ஜி.இ.ஓ. என்ற புதுச் சொல்லோடு ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அளவுகோல் மாறியிருக்கிறது, அதை வளைக்கும் ஆசை மாறவில்லை.

ஆகவே தேடல் பட்டியலின் முதல் இடம், இன்றைய அளவுகோல் எதை அளக்கிறதோ அதன் விளைவு. உண்மைக்குத் தரும் சான்றிதழாக அதைக் கொள்ளக் கூடாது. உடல்நலம், பணம், படிப்பு பற்றித் தேடும்போது, மேலே இருப்பதன் ஓரத்தில் விளம்பரம் என்ற குறிப்பு இருக்கிறதா, எழுதியவர் யார், வேறு இரண்டு இடங்களும் அதையே சொல்கின்றனவா என்று பாருங்கள். கடைக்கு எஸ்.இ.ஓ. செய்து தருவதாக ஒருவர் வந்தால், என்ன செய்யப்போகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேக்லிங்க் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். முதல் இடத்துக்கு உத்தரவாதம் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது.