தரவுத்தள அறிக்கைகளில் நெடுவரிசைச் சீரமைப்பு

நெடுவரிசைச் சீரமைப்பு என்பது தரவுத்தளத்திலிருந்து பெறப்படும் அறிக்கை அட்டவணைகளில் எழுத்துத் தரவுகளையும் எண் தரவுகளையும் உரிய பக்கத்தில் ஒழுங்காக நிறுத்துவதாகும். பொதுவாக எழுத்துகள் இடப்பக்கமும் எண்கள் வலப்பக்கமும் சீரமைக்கப்படுகின்றன. நெடுவரிசைத் தலைப்பும் அதன் தரவு நிற்கும் பக்கத்திலேயே அமைவது வழக்கம்.

காரணம்

பெயர்கள் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுகின்றன. எண்ணின் இடமதிப்போ ஒன்றாம் இடத்திலிருந்து இடப்பக்கமாக வளர்கிறது. எண்கள் வலப்பக்கம் நின்றால் ஒன்றின்கீழ் ஒன்று, பத்தின்கீழ் பத்து என இடமதிப்புகள் நேராக அமையும். 9,500, 12,000 ஆகிய தொகைகளை இடப்பக்கம் நிறுத்தினால், ஆயிரத்தைக் குறிக்கும் 9-இன் கீழ் பத்தாயிரத்தைக் குறிக்கும் 1 வந்துவிடும். விரைவாகப் பார்ப்பவர் எது பெரியது என்பதில் தடுமாறுவார். தசம எண்களில் தசம இடங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். 75.5, 8.25 என்பவற்றை 75.50, 8.25 என எழுதினால் புள்ளிகள் நேராக நிற்கும்.

அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், பதிவெண் போன்றவை இலக்கங்களால் ஆனவையெனினும் கூட்டப்படுவதில்லை. எனவே அவை எழுத்துத் தரவாகவே கொள்ளப்படுகின்றன. 0071 என்னும் பதிவெண்ணை எண்ணாகச் சேமித்தால் முன்னுள்ள சுழியங்கள் மறைந்து 71 என்றே கிடைக்கும்.

ஆரக்கிளில் அமைக்கும் முறை

ஆரக்கிளின் எஸ்கியூஎல் பிளஸ் கருவியில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வடிவம் தரலாம். எழுத்துத் தரவுக்கு ஏ20 என அமைத்தால் 20 எழுத்துகளுக்கான அகலம் ஒதுக்கப்படும். நீளமான பெயர் அடுத்த வரியில் தொடரும். எண்களுக்கு ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு 9 இடப்படுகிறது. 99,99,999 என்னும் வடிவத்தில் 1234567 என்பது இந்திய முறைப்படி 12,34,567 எனத் தோன்றும்.

எண் அந்த அகலத்தில் அடங்காவிட்டால் அதன் இடத்தில் # குறிகள் மட்டுமே தோன்றும். இது பிழையன்று, பாதுகாப்பு. துண்டிக்கப்பட்ட பெயரை ஓரளவு ஊகிக்கலாம். துண்டிக்கப்பட்ட தொகை வேறொரு தொகையாகிவிடும். வடிவத்தை அகலப்படுத்தினால் எண் முழுமையாகத் தெரியும். வடிவம் காட்சியை மட்டுமே மாற்றும். சேமித்த மதிப்பு மாறாது.

தமிழ்த் தரவுகள்

சில அறிக்கைகளில் இடைவெளிகளை நிரப்பி நெடுவரிசைகள் அமைக்கப்படுகின்றன. இதற்குச் சம அகல எழுத்துரு தேவை. தமிழில் இம்முறை எளிதில் பிசகும். 'தமிழ்' என்னும் சொல்லில் காண்பவை மூன்று எழுத்துகள். ஒருங்குறியிலோ அது 5 குறியீட்டுப் புள்ளிகள். மைஎஸ்கியூஎல் போன்றவை அதை 5 என்றே எண்ணுவதால், இடைவெளிகள் குறைந்து அடுத்த நெடுவரிசை நகர்ந்துவிடும். எனவே தமிழ் அறிக்கைகளுக்கு எச்டிஎம்எல் அட்டவணை அல்லது விரிதாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சீரமைப்பு தருவதே ஏற்றது.