டர்போ கடைசியில்தான்: வீட்டில் நான்கு சிலிண்டர் எஞ்சின் கட்டுவோருக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று என்று சுற்றி மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலை, நிந்தவூரைத் தாண்டி, காரைதீவுச் சந்தியைத் தொட்டுத்தான் கல்முனைப் பக்கம் போகிறது. இந்த வீதியில் முப்பது வயதைத் தாண்டிய யப்பானியக் கார்கள் இன்றும் தினசரி ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரி கனமாகவே இருக்கிறது. ஆகவே பழைய காரை விற்பவர் குறைவு, திருத்தி வைத்துக்கொள்பவர் அதிகம்.

திருத்துவதற்காக எஞ்சினைக் கழற்றி வைத்ததும் இளைஞர் மனதில் ஒரு கேள்வி எழும்: கழற்றியாயிற்று, இதையே டர்போ எஞ்சினாகக் கட்டினால் என்ன? கட்டலாம். வீட்டு முற்றத்திலேயே கட்டலாம். ஆனால் டர்போவை முதலில் வாங்கி வைத்துவிட்டு மற்றதை அதற்குப் பிறகு யோசிப்பவரின் எஞ்சின் நீண்ட காலம் உயிரோடு இருப்பதில்லை. எந்த வேலையை முன்னே வைக்க வேண்டும், ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எந்த எஞ்சின்?

இலங்கையில் இந்த ஆசைக்கு அதிகம் ஆளாகும் கார் டொயோட்டா ஸ்டார்லெட். 1989 இறுதியில் வந்த ஈபி82 வகையில் 4ஈ-எஃப்ஈ என்ற 1331 சிசி எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் வலு 100 குதிரைவலு. அதே காருக்கு டொயோட்டாவே ஒரு டர்போ வகையும் செய்தது. அதுதான் 4ஈ-எஃப்டிஈ. கொள்ளளவில் மாற்றமில்லை, சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 77.4 மில்லிமீற்றர். வலு மட்டும் 135 ஆக ஏறியது. 1996இல் வந்த கிளான்சா வி காரிலும் இதுவே இருந்தது.

இந்த இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். சாதாரண வகையில் கம்ப்ரெஷன் விகிதம் 9.6. டர்போ வகையில் 8.2. டொயோட்டா டர்போவைத் தூக்கிப் பழைய எஞ்சினில் மாட்டவில்லை. பிஸ்டனை மாற்றி, கம்ப்ரெஷனைக் குறைத்து, அமுக்கிய வளியைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் வைத்து, எரிபொருள் கணக்கையும் மாற்றிய பிறகுதான் 35 வீதம் கூடுதல் வலுவைத் தந்தது. தொழிற்சாலையே இவ்வளவு செய்திருக்கிறது என்றால், முற்றத்தில் கட்டுபவர் அதில் எதையும் விட்டுவிட முடியாது. முதன்முறை கட்டுபவருக்குச் சிறந்த வழி, கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகச் சந்தையில் முழு டர்போ எஞ்சின் ஒன்றைத் தேடி எடுத்து, அதைப் பிரித்து அளந்து மீண்டும் கட்டுவது. சாதாரண எஞ்சினில் டர்போவைத் தனியாகப் பொருத்துவது அதைவிடக் கடினமான வேலை.

சிறிய எஞ்சின் என்று யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம். 1983இல் நெல்சன் பிக்கே ஃபோர்முலா 1 உலகப் பட்டம் வென்ற பிரபாம் காரில் இருந்ததும் ஒன்றரை லீற்றர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின்தான். அதன் வார்ப்பிரும்பு புளொக், பிஎம்டபிள்யூ தன் வீதிக் கார்களுக்குச் செய்த புளொக்கிலிருந்து வந்தது.

உள்ளே நடப்பது என்ன?

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணம் எளிமையானது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் புதிய வளியை அமுக்கி உள்ளே தள்ளும். வளி கூடினால் பெற்றோலைக் கூட்டலாம். பெற்றோல் கூடினால் வலு கூடும்.

கணக்கில் பார்ப்போம். 1331 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தடவை சுழலும்போது ஏறத்தாழ 4000 லீற்றர் வளியை இழுக்கிறது. டர்போ 0.65 பார் மேலதிக அமுக்கம் (இதுதான் பூஸ்ட்) கொடுத்தால், உள்ளே இருக்கும் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல 1.65 மடங்கு. வளியும் 1.65 மடங்காகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை, ஏனென்றால் அமுக்கப்பட்ட வளி சூடாகிறது. கரையோரப் பகலில் 30 பாகை செல்சியஸில் உள்ளே போகும் வளி, டர்போவிலிருந்து வெளியே வரும்போது 100 பாகையை நெருங்கிவிடும். சூடான வளி விரிந்து நிற்பதால், சிலிண்டருக்குள் உண்மையில் போவது 1.34 மடங்கு அளவே. இண்டர்கூலர் வழியாக அனுப்பி 50 பாகைக்குக் குளிர்வித்தால் அது 1.55 மடங்காகிறது. டர்போவின் அமுக்கத்தைத் தொடாமலே கிடைத்த இலாபம் இது.

அதனால் பூஸ்டைக் கூட்டுவதற்கு முன் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். நல்ல ரேடியேற்றர், அடைப்பில்லாத இண்டர்கூலர், புகைக் குழாயின் சூடு வளிக் குழாயைத் தொடாதபடி ஒரு தகடு, இந்த மூன்றும் முதலில் வர வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அலுமினியத்தையும் அரிக்கும். பழைய இண்டர்கூலரை வாங்கினால், தண்ணீரில் அமிழ்த்தி வளி அடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

டீசல் அனுபவம் ஏமாற்றும் இடம்

எங்கள் பகுதி கராஜ்களுக்கு டர்போ புதிதல்ல. லொறி, வேன், பிக்கப் என்று டீசல் டர்போக்களைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் கைகள் இங்கே உண்டு. அந்த அனுபவம் பெரிது. ஆனால் ஓர் இடத்தில் அது தலைகீழாகிறது.

டீசல் எஞ்சினில் எரிபொருளைக் கூட்டக் கூட்டச் சூடு ஏறும், குறைத்தால் தணியும். பெற்றோல் டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறியிருக்கும் நேரம் எரிபொருள் குறைந்தால்தான் ஆபத்து. சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி போதும். பூஸ்டில் அது 11.5 முதல் 12 வரை இறங்க வேண்டும், அதாவது பெற்றோல் கூட வேண்டும். கூடுதலாகப் போகும் பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால், ஸ்பார்க் பற்றவைத்த தீ போய்ச் சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். உலோகத்தைத் தட்டுவது போன்ற அந்தச் சத்தத்துக்குத்தான் நொக்கிங் என்று பெயர். சாதாரண எஞ்சின் அதைச் சிறிது காலம் பொறுக்கும். டர்போ எஞ்சினில் சில வினாடிகளிலேயே பிஸ்டன் விளிம்பு உடைந்துவிடலாம்.

இங்கே நிரப்பு நிலையங்களில் பொதுவாக 92, 95 என்று இரண்டு ஒக்டேன் பெற்றோல் உண்டு. கட்டிய எஞ்சினுக்கு 95ஐத் தேர்ந்து, அதற்கேற்ப ட்யூன் செய்து, பிறகு அதை மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு. 95க்குச் சரிசெய்த எஞ்சினில் அவசரத்துக்கு 92 அடித்தால், பூஸ்ட் ஏறாதபடி மெதுவாக ஓட்ட வேண்டும்.

அடியிலிருந்து: ரிங் இடைவெளி

புளொக்கை லேத்துக்குக் கொடுக்கும் முன்பே நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். மொத்த எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று 1 பார் வித்தியாசத்துக்குள் நிற்கின்றனவா என்பது முக்கியம். பிரித்த பிறகு சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் புது ரிங் போட்டும் பயனில்லை. போரிங் செய்து பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும்.

பலர் தவறவிடும் வேலை ரிங்கின் இடைவெளி. புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன், வெறும் சிலிண்டருக்குள் விட வேண்டும். ஒரு பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, அதன் தட்டையான தலையால் ரிங்கை ஓர் அங்குலம் கீழே தள்ளினால் ரிங் சரிசமமாக உட்காரும். இப்போது ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு வெட்டு தெரியும். அதற்குள் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க வேண்டும். 74 மில்லிமீற்றர் சிலிண்டருக்கு, டர்போ வேலைக்கு, மேல் ரிங்கில் 0.37 முதல் 0.44 மில்லிமீற்றர் வரை இருப்பது பொதுவான வழக்கம். பிஸ்டன் செய்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அவர் சொல்வதே முடிவு.

இடைவெளி குறைவாக இருந்தால், ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி மெல்ல அரத்தால் தேய்த்து, பிசிறை எடுத்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். ஒவ்வொரு ரிங்கும் அது அளக்கப்பட்ட சிலிண்டருக்கே போக வேண்டும். இவ்வளவு பொறுமை எதற்கு? பூஸ்டில் ரிங் சூடாகி நீளும். முனைகள் இரண்டும் முட்டினால் மேலும் நீள இடமின்றி, ரிங் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். அடுத்த கணம் பிஸ்டனின் தலை பிய்ந்து வரும். ஒரு தலைமுடிப் பருமன் கூடினால் போகிற வலு கணிசமானதல்ல. அதே அளவு குறைந்தால் எஞ்சினே போய்விடும்.

கிராங் பெயாரிங் இடைவெளி, ஹெட்டின் சமதளம், ஹெட் போல்ட்டுகளை இறுக்கும் ஒழுங்கு எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். கைப் பலத்தை நம்பி இறுக்குவது டர்போ எஞ்சினுக்குச் சரிவராது. டோர்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட்டைப் பூட்டவே கூடாது.

ஒயில் திரும்பும் குழாய்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கும் மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம். எஞ்சின் பம்ப் ஒயிலை அமுக்கத்தோடு டர்போவுக்கு அனுப்பும். ஆனால் அது நுரைத்து வெளியே வந்து சம்புக்குத் திரும்புவது தன் எடையால் மட்டுமே. ஆகவே திரும்பும் குழாய் அகலமாக, எங்கும் மேலேறாமல், முழுவதும் சரிவாக இருந்து, சம்பில் நிற்கும் ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இடப் பற்றாக்குறையால் அதை ஒரு முறை வளைத்து மேலே கொண்டுபோனால் ஒயில் தேங்கும். தேங்கியது சீலைத் தாண்டிப் புகைக் குழாயில் இறங்கும். கார் நீலப் புகை கக்கும். அதைப் பார்த்து டர்போ போய்விட்டது என்று புதிது வாங்கிப் போட்டால், புதியதும் புகைக்கும். குழாயைச் சரிசெய்வதே மருந்து.

முதல் தடவை இயக்குமுன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெற்றோல் வராதபடி நிறுத்தி, ஒயில் அமுக்கம் வரும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். இயங்கிய பிறகு தொடக்கக் கிலோமீற்றர்களில் பூஸ்ட் வேண்டாம். ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்தட்டும். ஒயிலையும் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும். வேகமாக ஓட்டி வந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தாமல் ஒரு நிமிடமாவது சும்மா இயங்க விட்டால், டர்போவுக்குள் ஒயில் கருகாது.

எரிபொருளும் மூளையும்

135 குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் பெற்றோல் வேண்டும். பழைய பம்பும் அடைத்த இன்ஜெக்டரும் அதைக் கொடுக்குமா என்று அளந்து பார்க்காமல் பூஸ்ட் ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். புகைக் குழாயில் ஒரு வைட்பேண்ட் ஒட்சிசன் சென்சரைப் பொருத்தினால், கலவை விகிதத்தை ஓட்டத்திலேயே எண்ணாகப் பார்க்கலாம். வீட்டில் கட்டுபவர் அலங்காரப் பொருள் எதையும் வாங்குமுன் வாங்க வேண்டியது இது. சாதாரண எஞ்சினின் மூளையான ஈசியூவை வைத்துக்கொண்டு டர்போவை ஓட்ட முயலக் கூடாது. அதற்குப் பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

வீதியும் சட்டமும்

எஞ்சினை மாற்றினால் எஞ்சின் இலக்கமும் மாறுகிறது. அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையிலும் தேற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகும்.

35 குதிரைவலு கூடிய காருக்குப் பழைய பிரேக், பழைய டயர் போதாது. பூஸ்ட் ஏற்றுமுன் பிரேக்கை முடிக்க வேண்டும். வேகம் பார்ப்பதற்கு இந்த நாட்டில் இடங்கள் உண்டு: நுவரெலியாவில் 1934 முதல் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி, தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில், அநுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா. ஆனால் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் ஏழு பேரின் உயிரைப் பறித்தது. ஒழுங்குபடுத்திய மைதானத்திலேயே அப்படி நேர்கிறது என்றால், பிள்ளைகள் பள்ளி விட்டு வரும், மாடுகள் குறுக்கே போகும் கரையோர வீதியில் வேகம் பார்ப்பதை எந்த நியாயத்தாலும் ஒப்புக்கொள்ள முடியாது.

ஊர் செய்யக்கூடியது

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவர். பழந்தமிழர் யாழை மீட்க அவர் நம்பியது கணக்கை. சுரங்களின் விகிதங்களைக் கணித்துக் கணித்தே 1947இல் யாழ் நூலைத் தந்தார். அளந்து செய்யும் மரபு இந்த ஊருக்குப் புதிதல்ல.

இன்று எங்கள் இளைஞர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. குறைவது அளக்கும் கருவி. சிலிண்டர் அளக்கும் டயல் கேஜ், நல்ல டோர்க் ரெஞ்ச், மைக்ரோமீற்றர், வைட்பேண்ட் சென்சர் ஆகியவற்றைத் தனியொருவர் வாங்குவது கடினம். பத்துப் பேர் சேர்ந்தால் எளிது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இவை மாதத்தில் ஒரு சனிக்கிழமை தம் பட்டறைக் கதவைத் திறந்து, வீட்டில் எஞ்சின் கட்டுபவர் தன் புளொக்கைக் கொண்டுவந்து அளந்து போக இடம் கொடுத்தால், பல குடும்பங்களின் பணம் மிஞ்சும். அப்படி அளந்து பழகிய கைகளுக்கு மீன்பிடிப் படகின் எஞ்சினும் நெல் அறுவடை இயந்திரமும் நாளை நல்ல தொழில் தரும். கருவிகள் ஒரு பொது இடத்தில் கிடைக்க வழிசெய்வதுதான் பெரியவர்களின் பங்கு. எல்லாம் அளந்து சரிபார்த்த பிறகே டர்போவைப் பூட்டுவது கட்டுபவரின் பங்கு.