கலைஞர் குடியிருப்பும் சுயாதீன வாழ்வும்

கலை வளர்வதற்குப் புரவலர் இன்றியமையாதவர் என்னும் கருத்து நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பரிசில் பெற்ற பாணனும் கூத்தனும் எதிர்ப்பட்ட வறியோரை வள்ளலிடத்து வழிப்படுத்தும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே இதற்குச் சான்றாகும். மன்னர் மறைந்தபின் கோயிலும், கோயிலின் பின் சமீந்தாரும், அவருக்குப் பின் அரசாங்கமும் அவ்விடத்தை நிரப்பின. புரவலரே இல்லாவிடில் கலைஞன் என் செய்வான் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. மலையகத்தில் ஆசிரியத் தொழில் புரிவோனாகிய எனக்கு இவ்வினா வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. அதன் காரணம் பின்னர் புலனாகும்.

இக்காலத்தில் 'சுயாதீனக் கலைஞர்' என வழங்கப்படுவோர் யாவர் என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். வரைவது யாது, அதை யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது ஆகிய மூன்றையும் தாமே தீர்மானிப்போரே அவர். செல்வக் குடியிற் பிறந்தவருக்கு இஃது எளிது. செல்வமில்லாதவர் தனித்து நின்று இதனைச் சாதித்தல் அரிதினும் அரிது. ஆதலின் அத்தகையோர் பலர் ஒருங்குகூடி, ஓரிடத்தில் வாழ்ந்து, செலவையும் உழைப்பையும் பகிர்ந்துகொள்ளும் முறை உலகின் பல பாகங்களிலும் தோன்றியது.

மேனாட்டில் இம்முறைக்குப் புதுவேகம் அளித்தது 'பங்க்' என்னும் இயக்கம். இது 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் இசைவடிவிற் கிளர்ந்தது. கூரிய சிகையலங்காரமும் சட்டையிற் குத்திய ஊசிகளுமே பொதுமக்கள் நினைவில் நிற்கின்றன. எனினும் அவ்வியக்கத்தின் உயிர்நாடி அவையல்ல. வேலையின்மையால் வாடிய இளைஞர், இசைத்தட்டு நிறுவனங்களின் கடைக்கண் பார்வைக்குக் காத்திராது, தாமே பாடித் தாமே பதிவுசெய்து தாமே விற்கத் தலைப்பட்டனர். தட்டச்சில் அடித்து, பிரதியெடுத்து, கம்பி தைத்து வெளியிட்ட சிறு பத்திரிகைகள் அவர்களுக்குள் உலாவின. 1976இல் இலண்டனில் தொடங்கிய 'ஸ்னிஃபின் குளூ' அவற்றுட் பெயர்பெற்ற ஒன்று. 'பிறர் செய்து தருவாரென இராதே, நீயே செய்' என்பதே அவர்தம் கொள்கைச் சுருக்கம். நம்மூர்ச் சிற்றிதழ்க்காரர் தாமே அச்சுக் கோத்துத் தாமே தபாலிற் சேர்த்த வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கொள்கை அந்நியமாகத் தோன்றாது.

அக்கொள்கையை வாழ்க்கை முறையாகவே கைக்கொண்ட இல்லம் ஒன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் மாகாணத்தில் உண்டு. 'டயல் ஹவுஸ்' என்னும் அப்பழைய கமக்குடிசையில் 1967ஆம் ஆண்டு முதல் பென்னி ரிம்போ என்பவரும் ஓவியர் ஜீ வோஷர் அம்மையாரும் குடிபுகுந்தனர். வருவோர் எவரெனினும் தங்கலாம், தோட்டத்தில் பயிரிடலாம், எழுதலாம், வரையலாம். 1977இல் அங்கிருந்து தோன்றிய 'கிராஸ்' என்னும் இசைக்குழு 1984 வரை இயங்கியது. அக்குழுவின் இசைத்தட்டு உறைகளை வோஷர் அம்மையாரே ஆக்கினார். புகைப்படங்களை வெட்டி ஒட்டினாற் போலத் தோன்றும் அப்படங்களுட் பல உண்மையில் தூரிகையால் நுணுகித் தீட்டப்பட்டவை. உறையின் மேல் 'இதற்கு மேல் விலை கொடாதீர்' என்னும் வாசகத்தையும் அச்சிட்டனர். வியாபாரி கூடுதலாக விற்று இலாபம் பெறுவதைத் தடுக்கும் உபாயம் அது. கலைஞனே தன் பண்டத்தின் விலையைக் குறைத்து வைக்கும் இவ்விந்தையை நம் பொருளியல் ஆசிரியர்கள் மாணவர்க்கு ஒருமுறை எடுத்துக் காட்டலாம்.

இனித் தமிழ்நிலத்துக்கு வருவோம். டயல் ஹவுஸ் தோன்றுதற்கு ஓராண்டு முன்னரே, 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவாயிற்று. ஒன்று மற்றொன்றைப் பார்த்துச் செய்ததன்று. எனினும் 'நீயே செய்' என்னும் சொல் மேனாட்டிற் பிரசித்தமாவதற்குப் பத்தாண்டுகளின் முன்பே அதனைச் செயலாக்கியோர் நம் மொழி வழங்கும் கரையில் இருந்தனர் என்பது நினைவுகூரத் தக்கது.

அதன் மூலபுருடர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரிற் பிறந்து, சென்னை ஓவியப் பாடசாலையில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957இல் அதன் தலைமைப் பதவியை ஏற்றவர். முற்போக்கு ஓவியர் சங்கத்தை 1944இல் நிறுவியவரும் அவரே. ஆண்டுதோறும் திறமைமிக்க மாணாக்கர் தம்மிடமிருந்து வெளியேறி, சிலகாலத்துள் தூரிகையை அறவே கைவிடுவதை அவர் கண்ணாரக் கண்டார். படம் வாங்குவோர் அக்காலச் சென்னையில் மிகச் சிலர், காட்சிச்சாலைகளும் அருமை. சித்திர ஆசிரியர் வேலையும் துணிகளுக்கு மாதிரி வரையும் வேலையுமே புகலிடம். அவ்வேலையிற் புகுந்தோருட் கலையைத் தொடர்ந்து பேணியோர் உண்டு. பேண இயலாதோரே மிகப் பலர்.

பணிக்கர் கண்ட வழி எளியது. ஓவியம் விலைபோகாவிடினும் கைப்பணிப் பொருள் விலைபோகும். ஆகவே நாளின் ஒரு பகுதியைக் கைப்பணிக்குக் கொடுத்து வயிற்றுப்பாட்டைத் தீர்த்துக்கொண்டு, எஞ்சிய பொழுதை எவருக்கும் கடமைப்படாத கலைக்கு வைத்துக்கொள்ளலாம். இதற்கெனக் கலைஞர் கைப்பணிச் சங்கம் ஒன்று அமைந்தது. பத்திக் துணி, தோற்பொருள், உலோக அணிகள், சுடுமண் உருவங்கள் ஆகியவற்றைச் செய்து விற்றனர். பத்திக் என்பது இலங்கை வாசகர் நன்கறிந்தது. நிறம் ஏறலாகாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசிச் சாயத்தில் தோய்த்து, பின்னர் கொதிநீரிலிட்டு மெழுகை நீக்குவர். மெழுகு வெடித்த இடங்களிற் சாயம் நுழைந்து உண்டாக்கும் நுண்ணிய இரேகைகள் அதற்கே உரிய அழகு. ஓவியம் பயின்ற கை மெழுகுத் தூரிகையை எடுத்தபோது மக்கள் விரும்பி வாங்கினர். அவ்வருவாயைக் கொண்டே ஈஞ்சம்பாக்கத்து நிலம் வாங்கப்பட்டது. அரசினர் அளித்த மானியமன்று, ஒரு தனவந்தர் எழுதிவைத்த தருமசாசனமும் அன்று. துணியும் மெழுகும் ஈட்டித் தந்த நிலம்.

அந்நாளில் அஃது ஊரினின்றும் ஒதுங்கிய மணற்பரப்பு. முதலிற் சென்றோர் ஓலைக் குடிசைகளில் இருந்தனர். சோழமண்டலம் என்னும் பெயரை அவர்கள் தெரிந்தமைக்கு, அக்கரைக்கு மேனாட்டார் இட்ட 'கோரமாண்டல்' என்னும் சொல் அதன் திரிபே என்பது காரணம். வெளிநாட்டார் வாயிற் சிதைந்த பெயரை மீட்டெடுத்தது அவர்தம் கலைநோக்கோடும் பொருந்துவது. பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில், சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் ஏட்டெழுத்துப் போன்ற வரிவடிவங்களும் நிறைந்திருக்கும். பாரிசு நகரத்து ஓவியரைப் பின்பற்றாது, நம் வீட்டுப் பரணில் தூசுபடிந்து கிடக்கும் ஏட்டிலிருந்து ஒரு நவீன ஓவியத்தை எடுக்கலாம் என்பதை அவர் காட்டினார்.

கைப்பணி கலையைக் கெடுக்கும் என அஞ்சியோர் உளர். பொழுதின் ஒரு பாகத்தை அது விழுங்கியது மெய்யே. ஆயினும் அது திருப்பித் தந்ததும் உண்டு. பணிக்கரின் மைந்தரான சிற்பி எஸ். நந்தகோபால் (1946–2017), செம்பையும் பித்தளையையும் ஒட்டி மெருகிட்டு ஆக்கிய சிற்பங்களில், பொற்கொல்லரின் நுணுக்கமும் கோயிற் கவசங்களின் சாயலும் ஒருங்கே விளங்கும். உலோகக் கைப்பணி அங்கு நடைபெறாதிருப்பின் அச்சிற்பமொழி அவ்வண்ணம் அமைந்திராது என்பது என் கருத்து. சுல்தான் அலி, சேனாதிபதி, வாசுதேவ், அர்னவாஸ், கோபிநாத் முதலிய பலர் ஒருவரையொருவர் ஒவ்வாத நடைகளில் அருகருகே வரைந்தனர். ஒரே கிணற்று நீரைப் பருகியோர் ஒரே வண்ணத்தைத் தீட்டவில்லை.

இக்குடியிருப்பின் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்துவது கே. ராமானுஜத்தின் வாழ்வு. பேச்சுத் தடையும் மனத்துயரும் உடைய அவரைப் பாடசாலைக் கல்வி கைவிட்டது; பணிக்கர் கைவிடவில்லை. கோபுரங்களும் மாடமாளிகைகளும் பறக்கும் விலங்குகளும் நாகங்களும் செறிந்த கனவுலகொன்றைக் கறுப்பு மையால் அவர் வரைந்தார். அவ்வுலகின் நடுவே தொப்பியணிந்த ஒரு மனிதன் காணப்படுவான், அஃது ஓவியரே. வேறெவ்விடத்திலும் பரிகாசத்துக்கு ஆளாகியிருக்கக்கூடிய ஒருவருக்கு அம்மணற்கரை ஒரு குடிசையையும் வேலையையும் மதிப்பையும் அளித்தது. எனினும் 1973இல், முப்பது வயது கடந்து சில ஆண்டுகளுக்குள், அவர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். கூடி வாழ்தல் பசியைத் தீர்க்கும். தனிமையை முற்றாகத் தீர்க்குமென்று சொல்லுதற்கில்லை. கலைஞர் குடியிருப்பைச் சுவர்க்கமாக வருணிப்போர் இதனை மறைத்தல் முறையன்று.

பிற மாறுதல்களும் நேர்ந்தன. விசுவநாதன் போன்றோர் பாரிசுக்குப் பெயர்ந்தனர். வாசுதேவ் பெங்களூருக்குச் சென்றார். கடற்கரைச் சாலை பெருஞ்சாலையாகி நகரம் கிராமத்தைச் சூழ்ந்துகொண்டது. மணலின் விலை பொன்னின் விலையாயிற்று. 2009இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கான காட்சியகம் திறக்கப்பட்டது. நிலம் கலைஞர்களின் சொந்தமாக இருந்தமையாற்றான் இத்தனை மாறுதலுக்கும் அவர்கள் ஈடுகொடுத்தனர். வாடகைக்கு இருந்திருப்பின் வெளியேற்றப்பட்டிருப்பர்.

நம் நாட்டு நிலைமை யாது? கொழும்பில் 1943இல் லயனல் வெண்ட் இல்லத்திற் கூடிய '43 குழு'வினர், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி முதலானோர், அரசினர் சார்பான ஓவிய மரபினின்றும் விலகித் தாமே காட்சிகள் நடாத்தினர். அவர்தம் துணிவு போற்றத்தக்கது. ஆனால் அவருட் சிலருக்குக் குடும்பச் செல்வம் துணைநின்றது. யாழ்ப்பாணத்தில் ஓவியர் மாற்கு (1933–2000) நடாத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகம் வேறுவகை. அதன் பெயரே நிலைமையைக் கூறிவிடுகிறது: கலைக்குக் கிடைத்த காலம் விடுமுறைக் காலமே.

மலையகத்துக்கு வந்தால் வினா இன்னும் கூர்மையாகிறது. இறம்பொடைப் பள்ளத்தாக்கில் நின்று நோக்குவோர் அருவியையும் கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தையும் மேலே ஆஞ்சநேயர் ஆலயத்தையும் கண்டு மகிழ்வர். தேயிலைச் செடிகளினிடையே தெரியும் லயன் வரிசைகளும் அக்காட்சியில் அழகாகவே தோன்றும். ஒரு லயன் காம்பராவினுள் வாழும் பிள்ளைக்கு ஓர் ஓவியச் சட்டத்தை விரித்து வைக்க இடமில்லை என்பது வெளியிலிருந்து நோக்குவோர்க்குத் தெரியாது. ஒரு பெட்டி வர்ணமும் இரண்டு தூரிகைகளும் தாயின் ஒரு நாட்கூலியைத் தின்றுவிடும். அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் கொழுந்துக் கூடையையும் மலைச்சரிவையும் வியக்கத்தக்கவாறு வரைந்த மாணாக்கர் என் வகுப்புகளில் இருந்தனர். அவருள் இருவர் இன்று கொழும்பிற் கடைகளில் நிற்கின்றனர். ஒருவர் விளம்பரப் பலகை எழுதுகிறார். பணிக்கர் சென்னையிற் கண்ட அதே காட்சி இது. ஒரேயொரு வேறுபாடு, இங்கு ஓவியப் பாடசாலைக்குப் போகுமுன்னரே அது முடிந்துவிடுகிறது.

ஆயினும் கூடிக் கலை செய்யும் வழக்கம் தோட்டமக்களுக்குப் புதியதன்று. மாசி மாதத்துக் காமன் கூத்தை நோக்குக. வீட்டுக்கு வீடு பணம் திரட்டி, கம்பம் ஊன்றி, இரதியும் மதனும் ஒரே லயத்து இளைஞராக, தப்பொலியின் நடுவே இரவிரவாக ஆடிக் காமதகனத்தோடு நிறைவு செய்கின்றனர். கிரீடமும் புயகீர்த்தியும் அட்டையிலும் சரிகைத்தாளிலும் அவர்களே ஒட்டியவை. மாஸ்டரெனப்படும் கூத்தாசிரியர் பகலில் மலையில் வேலைசெய்பவர். எந்த நிறுவனமும் இதற்குப் பணம் கொடுப்பதில்லை. எந்த விமரிசகரும் சான்றிதழ் வழங்குவதில்லை. எசெக்ஸ் குடிசையினர் கொள்கையாகப் பேசியதைத் தோட்டத்தார் பெயரிடாமலே தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றனர்.

குறைவது இரண்டு. முதலாவது, காமன் கூத்து ஆண்டில் சில நாட்கள் மட்டுமே. அதன் வேடப்பொருள்கள் செய்யும் கைத்திறன் எஞ்சிய மாதங்களில் வருவாயாக மாறுவதில்லை. அருவி பார்க்க வரும் பிரயாணிகள் வாங்கிச் செல்லும் பொருள்களுள் இம்மலையின் பிள்ளைகள் செய்தவை எத்தனை என எண்ணிப் பார்க்கலாம். இரண்டாவது, இடம். சோழமண்டலத்தார் முதலில் விற்றனர், பின்னர் நிலம் வாங்கினர். லயனில் இருப்போருக்கு விற்பனைப் பொருளைச் செய்வதற்கே கூரையொன்று தேவைப்படுகிறது. அக்கூரையோ தோட்டத்துக்கு உரியது. பாடசாலை மண்டபம் மாலை நான்கு மணிக்குமேல் பூட்டியே கிடக்கிறது. பத்திக் செய்யத் தேவையானவை ஓர் அடுப்பு, இரண்டு சாயத்தொட்டி, மெழுகு, வெள்ளைத் துணி. நீருக்கு இறம்பொடையிற் பஞ்சமில்லை. பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் பரிசுக் கேடயங்களுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கு முதல் மெழுகையும் துணியையும் வாங்கப் போதும். மண்டபத்தின் சாவிக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அவ்விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியுள்ளேன்.